உளவுக் கதையும் ஒற்றாடல் அதிகாரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு பதிப்பில் அண்மையில் வந்த சினிமாக் குறிப்பொன்று, செய்மதியும் கைத்தொலைபேசியும் முகமறியும் கமெராவும் வந்துவிட்ட பிறகு உளவுக் கதைகளுக்கு இனி வேலையில்லை என்று தீர்ப்பு எழுதியிருந்தது. 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்தபோதும் இதே தீர்ப்பைப் பலர் எழுதினார்கள். அதற்குப் பிறகும் ஜேம்ஸ் பொண்ட் படவரிசை நிற்கவில்லை. 2021இல் 25ஆவது படத்தைத் தொட்டது. பனிப்போரின் நடுவில், 1974இல் எழுதப்பட்ட ஜோன் லு காரேயின் நாவலொன்று 2011இல் மறுபடியும் படமாகி அரங்குகளை நிறைத்தது. அந்தப் படத்தில் வயோதிபர்கள் அறைகளுக்குள் இருந்து கோப்புப் புரட்டுவதுதான் பெரும்பகுதி. குறிப்பை எழுதியவர் கருவிகளையே பார்த்துக்கொண்டிருந்து கதையைத் தவறவிட்டுவிட்டார்.

உளவுக் கதை வாசிப்பவரை இழுத்துப் பிடிப்பது ஒரு சந்தேகம்தான். இந்தச் செய்தியைக் கொண்டுவந்தவனை நம்பலாமா? நம்பலாமென்றால் எதை வைத்து? கமெரா ஒருவன் எங்கே நின்றான் என்று காட்டும். ஏன் நின்றான், யாருக்காக நின்றான் என்று காட்டாது. இது நமக்குப் புதிய சங்கதியும் அல்ல. திருக்குறளில் 59ஆவது அதிகாரம், 581 முதல் 590 வரையான பத்துக் குறளும் ஒற்றாடல்தான். பாடசாலையில் பரீட்சைக்காகப் பாடமாக்கியதோடு அதை விட்டுவிட்டோம். தொழில் தெரிந்தவர் எழுதிய கையேடாக ஒருமுறை வாசித்துப் பார்த்தால், இருபதாம் நூற்றாண்டின் நல்ல உளவு நாவல்கள் எல்லாவற்றுக்கும் அங்கே விதை கிடக்கிறது.

585ஆம் குறள் ஒற்றனுக்கு மூன்று தகுதி சொல்கிறது: பார்ப்பவர் ஐயுறாத தோற்றம், உற்றுப் பார்த்தாலும் அஞ்சாத கண், எந்த நிலையிலும் உள்ளதை வெளிவிடாத வாய். அடுத்த குறள் துறவி வேடத்தைச் சொல்கிறது. பொன்னியின் செல்வன் வாசித்தவர்களுக்கு இங்கே ஆழ்வார்க்கடியான் நினைவுக்கு வருவான். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த அந்தக் கதையில் கல்கி செய்த கெட்டிக்காரத்தனம், உண்மையான ஒற்றனை வாயாடி வைணவனாக வைத்ததுதான். நாமமும் தடியும் சண்டையும் சத்தமுமாகத் திரிபவனை யாரும் ஒற்றன் என்று நினைக்க மாட்டார்கள். அவன் ஓயாமல் பேசுவான். பேசவேண்டியதை மட்டும் பேசமாட்டான். வந்தியத்தேவன் இதற்கு நேர்மாறு. ஓலை கொண்டுபோகும் வேலையில் இருந்துகொண்டு, கண்ட இடத்தில் வாளை உருவுவான், கண்டவரோடு கதைப்பான். அவனுக்குத் தஞ்சைக் கோட்டைக் கதவைத் திறந்தது நந்தினி கொடுத்த பனை இலச்சினை மோதிரம். மோதிரத்தைக் காட்டினால் கதவு திறக்கும், ஆனால் மோதிரம் தந்தவர் யார் என்ற கேள்வியும் கூடவே வரும். போலிக் கடவுச்சீட்டு வரும் கதைகளில் எல்லாம் இருக்கும் சிக்கல் இதுவே.

துறவி வேடம் வெறும் கற்பனையும் அல்ல. பிரித்தானிய இந்தியாவின் நில அளவைத் திணைக்களம் 1860களில் திபெத்துக்குள் இரகசியமாக ஆட்களை அனுப்பியது. அவர்களில் நைன் சிங் 1866இல் லாசாவை அடைந்தார். அவர் கையில் இருந்த செபமாலையில் 108 மணிக்குப் பதிலாக 100 மணி. நூறு காலடி நடந்ததும் ஒரு மணி தள்ளுவார். மாலை ஒரு சுற்று முடிந்தால் 10,000 காலடி, ஏறக்குறைய ஐந்து மைல். எண்ணிய கணக்கை எழுதிய தாளை, மந்திரச் சுருள் இருக்கவேண்டிய பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் சுருட்டி வைத்தார். உயரத்தை அளக்கத் தண்ணீரைக் கொதிக்கவைத்து வெப்பமானி பிடித்தார்: ஏறத்தாழ 300 மீற்றர் ஏறினால் கொதிநிலை ஒரு பாகை செல்சியஸ் குறையும். தேநீருக்குத் தண்ணீர் வைக்கிறார் என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். எட்டு மணி குறைந்த மாலையை ஒரு லாமா கையில் வாங்கி எண்ணியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கதையாசிரியர்கள் கவனிக்கவேண்டிய இடம் இது. வேடம் முழுவதும் சரியாக இருக்க, வேலைக்குத் தேவையான ஒரே ஒரு பிழை அதில் இருந்தாக வேண்டும். வாசகரின் மனம் அந்தப் பிழையிலேயே ஒட்டிக்கொண்டு நகராது.

இனி 588, 589, 590. மூன்றும் உண்மையில் ஒரே விதியின் மூன்று பக்கங்கள். ஓர் ஒற்றன் தந்த செய்தியை இன்னொரு ஒற்றனைக் கொண்டு சோதி. ஒருவரை ஒருவர் அறியாமல் மூவரை வை. 'உடன்மூவர் சொற்றொக்க தேறப்படும்', மூவர் சொல்லும் ஒத்தால் நம்பு. ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்யாதே. செய்தால் மறைவை நீயே வெளியே போட்டவன் ஆவாய்.

588ஐ மீறினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியர் கொடுத்த விலைதான் உதாரணம். ஜுவான் புஜோல் என்ற ஸ்பானியர், பிரித்தானியர் இட்ட மறைபெயர் கார்போ, லிஸ்பனில் இருந்துகொண்டே தான் இங்கிலாந்தில் வேவு பார்ப்பதாக ஜேர்மனியருக்கு எழுதிக்கொண்டிருந்தார். கையில் இருந்தவை சுற்றுலா வழிகாட்டியும் ரயில் நேர அட்டவணையும் போன்ற அச்சுச் சரக்கு. பவுண், சிலிங், பென்ஸ் கணக்கு அவருக்குப் பிடிபடவில்லை. கிளாஸ்கோ துறைமுகத் தொழிலாளர் ஒரு லீற்றர் வைனுக்காக எதையும் செய்வார்கள் என்று எழுதினார். ஸ்கொட்லாந்துத் தொழிலாளியை அறிந்த எவரும் சிரித்திருப்பார்கள். வாங்கிய பக்கத்தில் யாரும் சரிபார்க்கவில்லை. பின்னர் பிரித்தானியர் அவரைத் தங்கள் பக்கம் எடுத்து, இல்லாத 27 துணை ஒற்றர்களை அவருக்கு உருவாக்கிக் கொடுத்தார்கள். 1944 ஜூன் 9ஆம் திகதி, பிரான்சின் நோர்மண்டியில் நேச நாடுகள் நடத்திய தரையிறக்கம் வெறும் திசைதிருப்பல் என்று அவர் அனுப்பிய செய்தியை நம்பி, ஜேர்மனியர் கலே பக்கத்தில் படைகளை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். 27 பேர் சொன்னதும் ஒத்துத்தான் இருந்தது. 27 பேரும் ஒரே தலைக்குள் இருந்தார்கள் என்பதுதான் கோளாறு. 589 'ஒற்றொற் றுணராமை' என்று தொடங்குவதன் காரணம் இப்போது விளங்கும். ஜேர்மனி அவருக்கு இரும்புச் சிலுவை கொடுத்தது, பிரித்தானியா எம்.பி.ஈ. என்ற அரச விருது கொடுத்தது. இரண்டையும் ஊரறியக் கொடுக்கவில்லை. 590ஐ மட்டும் இரு தரப்பும் காப்பாற்றின.

கிரஹாம் கிரீன் இந்த அனுபவங்களைத் தொழிலுக்குள்ளிருந்தே அறிந்தவர். 1958இல் அவர் எழுதிய ஹவானா நாவலில், தூசு உறிஞ்சும் இயந்திரம் விற்பவன் ஒருவன் அந்த இயந்திரத்தின் பாகங்களைப் பெரிதாக வரைந்து இரகசிய ஆயுதமென்று லண்டனுக்கு அனுப்புகிறான். லண்டனும் மகிழ்ந்துபோகிறது. நகைச்சுவைக் கதைதான், ஆனால் கருவியோ சண்டையோ இல்லாமல், சரிபார்க்காத ஓர் அலுவலகத்தை மட்டும் வைத்து முழு நாவலையும் ஓட்டிவிடுகிறார். கிரீன், லு காரே, ஜேம்ஸ் பொண்டைப் படைத்த ஃபிளெமிங் மூவருமே உளவு அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள். சொமர்செட் மோம் அவர்களுக்கும் முன்னோடி. முதல் உலகப் போரில் சுவிட்சர்லாந்தில் வேவு பார்த்து, 1928இல் அதைக் கதைகளாக்கினார். பயமும் சண்டையும் கொஞ்சம், காத்திருப்பும் கடதாசி வேலையும் அதிகம் என்று அவர்கள் எழுதியபோது வாசகர்கள் ஓடிவிடவில்லை.

கற்பனையும் தொழிலும் ஒன்றை ஒன்று ஊட்டி வளர்த்த கதையும் உண்டு. 1939இல் பிரித்தானியக் கடற்படைப் புலனாய்வுப் பிரிவு எதிரியை ஏமாற்றும் யோசனைகளைப் பட்டியலிட்டு ஒரு குறிப்புத் தயாரித்தது. தலைவரின் உதவியாளராக இருந்த ஃபிளெமிங்கின் கை அதில் இருந்ததாகவே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். போலிக் கடிதங்களுடன் ஒரு பிணத்தை எதிரி கையில் சேர்ப்பது அதில் 28ஆவது யோசனை. அது பாசில் தொம்சன் எழுதிய துப்பறியும் நாவலில் இருந்து எடுத்தது என்று குறிப்பே ஒப்புக்கொள்கிறது. 1943 ஏப்ரல் 30ஆம் திகதி, மேஜர் மார்ட்டின் என்ற பொய்ப்பெயருடன் ஒரு பிணம் ஸ்பெயினின் வெல்வா கரைக்கருகில் நீர்மூழ்கியிலிருந்து கடலில் விடப்பட்டது. பெட்டியில் இராணுவக் கடிதம். சட்டைப்பையில் காதலி படம், காதல் கடிதங்கள், நாடக டிக்கெட்டின் பாதி, வங்கிக் கணக்கில் இருந்ததற்கு மேல் எடுத்து மிகைப்பற்று ஆகிவிட்டது என்ற எச்சரிக்கைக் கடிதம். மிகைப்பற்றுக் கடிதம்தான் இதில் மேதைமை. பொய் மனிதனுக்கு யாரும் கடன் வைக்க நினைக்க மாட்டார்கள். இராணுவக் கடிதத்தின் உறைக்குள் ஒரு கண்ணிமை மயிரையும் வைத்தார்கள்; கடிதம் திரும்பி வந்தபோது மயிர் இல்லையென்றால் திறந்து பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நாவலில் பிறந்து, நடந்து முடிந்து, 1956இலும் 2021இலும் படமாகவும் வந்துவிட்டது.

நமது பக்கத்துக்கு வருகிறேன். தமிழில் இந்த வகைக்கு வாசகர் பஞ்சம் இருந்ததே இல்லை. தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்துக்கொண்டே உலகம் சுற்றினார், உண்மையில் அவர் ஒற்றர் அல்ல, துப்பறிவாளர் என்றாலும். 1972இல் சிவகாசியில் முத்து கொமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. ஜெய்சங்கர் 1966இல் வல்லவன் ஒருவனில் ஓடினார், எம்.ஜி.ஆர். 1968இல் ரகசிய போலீஸ் 115 ஆனார், கமல் 1986இல் சுஜாதாவின் எழுத்தில் விக்ரம் ஆனார். 1970களில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்கு இலங்கையில் கட்டுப்பாடு வந்தபோது, பழைய பிரதிகள் கை மாறிக் கை மாறி அட்டை கிழிந்து திரிந்தன. ஆனால் என் மதிப்பீட்டில் தமிழின் மிகச் சிறந்த உளவுப் படம் 1954இல் வந்த 'அந்த நாள்'தான். பாட்டில்லை, நடனமில்லை. 1943 ஒக்டோபரில் சென்னை மீது ஜப்பானியக் குண்டு விழுந்த சமயத்தில் ஒரு வானொலிப் பொறியியலாளர் சுட்டுக் கொல்லப்படுகிறார். அவர் ஏன் எதிரிக்கு வேலை பார்த்தார் என்பதை வெவ்வேறு பேரின் வாக்குமூலங்களை அடுக்கியே கண்டுபிடிக்கிறார்கள். வாக்குமூலத்துக்கு வாக்குமூலம் ஒத்துப் பார்ப்பது. மறுபடியும் 588!

இதற்குப் பின் வந்த பெரும்பாலான தமிழ்ப் படங்களில் நடைமுறை காணாமல் போய்விட்டது. சத்தமடக்கி பூட்டிய கைத்துப்பாக்கி 'புஸ்' என்கிறது. உண்மையில் வெடியோசை 160 டெசிபல் அளவில் இருக்க, நல்ல சத்தமடக்கி 20 முதல் 35 டெசிபல் வரைதான் குறைக்கும்; பக்கத்து அறைக்காரர் கட்டாயம் எழும்புவார். கைக்குட்டையில் குளோரோஃபோம் நனைத்து மூக்கில் வைத்தால் இரண்டு விநாடியில் ஆள் சரிகிறார். உண்மையில் பல நிமிடம் விடாமல் பிடிக்கவேண்டும், பிறகு மூச்சு நிற்காமல் பார்க்கவும் வேண்டும். அழைப்பவனை 'இன்னும் ஒரு நிமிடம் பேச்சில் வைத்திரு' என்று அதிகாரி கைகாட்டுவது, தொலைபேசி நிலையத்தில் ஆள் நின்று இணைப்பைச் சுவிட்ச் சுவிட்சாகப் பின்தொடர்ந்த காலத்து வேலை. எண்ணியல் இணைப்பகத்தில் மணி அடிக்கும்போதே இலக்கம் பதிவாகிவிடும். இவை சின்னச் சின்னப் பிழைகள் என்று விடலாம். ஆனால் ஒரு பிழையோடு ஒரு தடையும் மறைகிறது, தடை போனால் பதற்றமும் போய்விடுகிறது. சத்தம் கேட்கும் என்றால் நாயகன் சுட முடியாது. வேறு வழி தேடவேண்டும். அந்தத் தேடல்தான் காட்சி.

பின்தொடரும் காட்சியை எடுத்துக்கொள்வோம். படங்களில் ஒருவர் பத்திரிகையில் ஓட்டை போட்டுப் பார்ப்பார், அல்லது தூணுக்குப் பின்னால் ஒளிவார். நடந்து பின்தொடரக் குறைந்தது மூன்று பேர் வேண்டும். முதலாமவர் இலக்குக்குப் பின்னால், இரண்டாமவர் முதலாமவருக்குப் பின்னால், மூன்றாமவர் வீதியின் எதிர்ப்பக்கத்தில். இலக்கு திரும்பினால் முதலாமவர் திரும்பக்கூடாது. நேரே போய்விட வேண்டும். எதிர்ப்பக்கத்தவர் அந்த இடத்தை எடுப்பார். இலக்காக இருப்பவர் என்ன செய்வார்? ஓடமாட்டார், தோளுக்கு மேலால் பார்க்கவும் மாட்டார். இரண்டும் குற்றவாளியின் நடை. நியாயமான அலுவல்கள் நாலைந்தை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலமோ இரண்டோ சுற்றுவார்; வேறு வேறு இடத்தில், வேறு வேறு நேரத்தில் ஒரே முகத்தைக் கண்டால் சந்திப்பை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். சந்திப்பு நடக்காத காட்சி எவ்வளவு பதற்றம் தரும் என்று நம் திரைக்கதை ஆசிரியர்கள் இன்னும் முயன்று பார்க்கவில்லை.

கொழும்பு இதற்கென்றே அமைந்த ஊர். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகள் பல மரீன் டிரைவில் போய் முட்டும். ஒழுங்கைக்குள் நுழைந்தவர் எந்த முனையால் வெளியே வருவார் என்று தெரியாது. மூன்று பேர் குழு இரண்டாகப் பிரிந்தே ஆகவேண்டும். பிரிந்தால் ஒரு முனையில் ஒருவர்தான் மிஞ்சுவார், அவருக்கு மாற்று ஆள் கிடையாது. அல்லது இலக்கு 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறட்டும். அது பாணந்துறை–புறக்கோட்டை, 101 மொறட்டுவை–புறக்கோட்டை. இரண்டும் காலி வீதியால் ஒன்றன் பின் ஒன்றாக வரும். இலக்கு இரண்டு தரிப்பிடத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறினால், பின்தொடர்பவரும் இறங்கி ஏறவேண்டும். இரண்டாம் தடவை அதே முகம். புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் கதை வேறு. அங்கே நெரிசல் பின்தொடர்பவருக்கும் மறைவு, இலக்குக்கும் மறைவு. ஆகவே இடைவெளியைச் சுருக்கவேண்டும், சுருக்கினால் முகம் தெரிந்துவிடும். இதை எழுதப் பெர்லின் வீதிகளின் வரைபடம் தேவையில்லை.

ஆளில்லாக் கைமாற்று இன்னொரு அருமையான கருவி. ஒருவர் பொருளை ஓரிடத்தில் வைத்துவிட்டுப் போவார், மற்றவர் பிறகு வந்து எடுப்பார், இருவரும் சந்திப்பதில்லை. படத்தில் வைப்பதையும் எடுப்பதையும் மட்டும் காட்டுவார்கள். உண்மையில் அது நாலு படி. வைத்தாயிற்று என்ற குறி, எடுக்கத் தயார் என்ற குறி, எடுத்தல், எடுத்தாயிற்று என்ற குறி. குறி இடும் இடமும் பொருள் வைக்கும் இடமும் ஒன்றாக இருக்கக்கூடாது. ஒன்றைக் கண்டுபிடித்தவர் மற்றதையும் கண்டுபிடித்துவிடுவார். கடைசிக் குறி வராவிட்டால் வைத்தவருக்கு அன்றிரவு உறக்கம் இல்லை. பொருளை எடுத்தது நம்மவரா, மழை வெள்ளமா, குப்பை பொறுக்குபவரா, எதிரியா? அமெரிக்க உளவுத்துறைக்குள்ளிருந்து மொஸ்கோவுக்கு விற்ற ஓல்ட்ரிச் ஏம்ஸ், வாஷிங்டனில் ஒரு தபால் பெட்டியில் வெண்கட்டியால் கோடு போட்டுத்தான் குறி காட்டினார். 1994 பெப்ரவரியில் பிடிபடும்வரை அந்தக் கோடு வேலை செய்தது. குறிக்கு இரண்டு பக்கமும் இருக்கலாம். 1985இல், பிரித்தானியருக்கு இரகசியமாக வேலை செய்த சோவியத் உளவு அதிகாரி ஒலெக் கோர்டியெவ்ஸ்கியை மொஸ்கோவிலிருந்து கடத்தி எடுக்கப் போட்ட திட்டத்தில், அவர் ஒரு பிரித்தானியப் பல்பொருள் கடையின் பையோடு குறித்த இடத்தில் நிற்பார். கண்டவர் வேறொரு பிரபல லண்டன் கடையின் பையோடு சொக்லேட் கடித்தபடி கடந்து போவார். ஒரு சொல் பேசப்படவில்லை. நடிகருக்கும் கமெராக்காரருக்கும் இதைவிட நல்ல காட்சி யார் எழுதித் தருவார்?

குறியீட்டு எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் கதைகளில் நாயகன் எந்த இரகசிய எழுத்தையும் ஓர் இரவில் உடைத்துவிடுவான். ஒரு தடவை மட்டும் பயன்படும் இலக்கத் தாளைச் சரியாகப் பயன்படுத்தினால் எந்தக் கணினியாலும் உடைக்க முடியாது. முறை எளிது. செய்தியை இலக்கமாக்கி ஐந்தைந்தாகப் பிரிக்கவேண்டும். தாளில் உள்ள தற்செயல் இலக்கங்களை அதன் கீழ் எழுதி, பத்தை மிச்சம் கொண்டுபோகாமல் கூட்டவேண்டும். செய்தி 47281, தாள் 90653 என்றால் அனுப்புவது 37834. பெறுபவர் அதே தாளைக் கழித்து எடுப்பார். பிறகு இருவரும் தாளை எரித்துவிடுவார்கள். இது உடையும் வழி பெரும்பாலும் மனிதச் சோம்பல்தான். 1942 தொடக்கத்தில், போர் நெருக்கடியில், சோவியத் தரப்பு அதே பக்கங்களை இரட்டையாக அச்சிட்டுப் பயன்படுத்தியது. அமெரிக்கர்கள் ஆண்டுக்கணக்காக இருந்து அந்த இரட்டைகளைக் கண்டுபிடித்துச் சில செய்திகளைப் படித்தார்கள். தமிழ் நாவலாசிரியருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. 247 எழுத்தை எப்படி இரண்டு இலக்கத்துக்குள் அடக்குவது என்று திகைக்கத் தேவையில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என்று பிரித்தால் 31தான். 'தம்பி' என்பது த், அ, ம், ப், இ என ஐந்து அலகு, பத்து இலக்கம், அதாவது சரியாக இரண்டு தொகுதி. மீதமுள்ள இலக்கச் சோடிகளை ஊர்ப்பெயருக்கும் திகதிக்கும் வைத்துக்கொள்ளலாம். தேநீர்க் கடை மேசையில் ஒருவன் இதைப் பென்சிலால் கூட்டிக்கொண்டிருக்க, பரிமாறுபவர் எட்டிப் பார்க்கிறார் என்று ஓர் அத்தியாயம் எழுதலாம்.

இலங்கையைக் களமாக வைக்கப் பொருள் இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. 1942 ஜனவரியில் சிங்கப்பூர் ஆபத்தில் இருந்தபோது பிரித்தானியரின் கிழக்காசியக் குறியீட்டு உடைப்பு அலுவலகம் கொழும்புக்கு இடம்பெயர்ந்து, பெம்புரூக் என்ற பாடசாலைக் கட்டடத்தில் வேலை தொடங்கியது. ஜப்பானியச் செய்திகளைத் துண்டு துண்டாக உடைத்து, ஏப்ரல் முதலாம் திகதியளவில் இலங்கை தாக்கப்படும் என்று சொன்னார்கள். அட்மிரல் சொமர்வில் கப்பல்களை வெளியே எடுத்துக் கடலில் காத்திருந்தார். எதிரி வரவில்லை. எரிபொருளும் தண்ணீரும் தீர்ந்துவர, மாலைதீவின் அத்து தீவுத்தளத்துக்குத் திரும்பினார். ஏப்ரல் 4ஆம் திகதி, கொக்கலையிலிருந்து கிளம்பிய கட்டலினா விமானத்தின் தலைவர் லெனார்ட் பேர்ச்சல் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு வானொலியில் அறிவித்தார். அறிவித்துக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டார். மறுநாள், உயிர்த்த ஞாயிறு காலையில், கொழும்பு மீது குண்டு விழுந்தது. முன்னெச்சரிக்கை வந்திருந்தும் இரத்மலானையில் போர்விமானங்கள் தரையில் நிற்கையிலேயே எதிரி தலைக்கு மேல் வந்துவிட்டான். கொழும்புக் குதிரைப் பந்தயத் திடல் ஓடுபாதையாக மாறியிருந்ததோ ஜப்பானியருக்குத் தெரிந்திருக்கவில்லை. அங்கிருந்து விமானங்கள் எழும்பின. இலக்குச் சரி, திகதி பிழை. எச்சரிக்கை சரி, அது போய்ச் சேரவேண்டிய இடத்துக்குச் சேரவில்லை. எதிரியின் வேவுக்கு நகர நடுவில் இருந்த திடல் தெரியவில்லை. இவ்வளவையும் வரலாறே கட்டித் தந்திருக்க, நமது கதாசிரியர்கள் இன்னும் சுவிட்சர்லாந்துக்கு நாயகனை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

1944இல் நேசப் படைகளின் தென்கிழக்காசியத் தளபதி மவுண்ட்பேட்டனின் தலைமையகம் பேராதனைக்கு வந்த பிறகு கண்டியில் அமெரிக்க உளவு அமைப்பின் கிளையும் இயங்கியது. பின்னாளில் சமையல் நூலால் புகழ்பெற்ற ஜூலியா சைல்ட் அங்கே இரகசியக் கோப்புப் பதிவகத்தைக் கவனித்தார். எந்தக் காகிதம் எந்த மேசைக்குப் போனது என்பது முழுவதும் தெரிந்த ஒரே ஆள் பதிவாளர்தான். ஒரு நாவலின் நாயகியாக இருக்க இந்த வேலையே போதும்.

ஒரு மனத்தாங்கலையும் சொல்லவேண்டும். இந்தியாவில் எடுக்கப்படும் உளவுப் படங்களிலும் இணையத் தொடர்களிலும் இலங்கைத் தமிழர் வந்தால், திருகோணமலையா மட்டக்களப்பா மலையகமா என்ற பேதமின்றி எல்லோரும் ஒரே செயற்கை யாழ்ப்பாணப் பேச்சைப் பேசுகிறார்கள். அரசியல் கோபத்தை விடுங்கள். உளவுக் கதையில் ஒருவன் யார் என்று காட்டிக்கொடுப்பதே பேச்சுத்தான். அதைக் கெடுத்தால் கதையின் பிரதான கருவியே உடைந்துபோகிறது. புலனாய்வு என்ற சொல்லையும், பொலிஸ் குற்றப் புலனாய்வு விசாரணையைக் குறிக்கும் 'நாலாம் மாடி' என்ற சொற்றொடரையும் கேட்டால் இந்நகரத்துத் தமிழ் வாசகர் எவ்வாறு நிமிர்ந்து உட்காருவார் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிய கைகளுக்கு, போலி அடையாளம் பற்றிய கதை எவ்வளவு நெருக்கமானது என்று நாம்தான் எழுதவேண்டும்.

அடையாள அட்டை என்றதும் ஒரு நுட்பம். நமது பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு; அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது; பெண்ணானால் அந்த நாளோடு 500 கூட்டப்படும். 1971 பெப்ரவரி முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு 71032 என்று தொடங்கும், பெண்ணுக்கு 71532 என்று தொடங்கும். இது தெரியாத ஒருவன் செய்த போலி அட்டையில் பெண்ணின் படமும் 71032 என்ற இலக்கமும் இருந்தால், விபரம் தெரிந்த பொலிஸ்காரர் அட்டையைத் திருப்பிப் பார்க்காமலே பிடித்துவிடுவார். இத்தகைய ஒரு விபரம் துப்பாக்கிச் சண்டை பத்துக்குச் சமம்.

இப்படி விபரம் பேசுவது வாசகனுக்கு அழகா என்று கேட்பவர்களுக்கு: 1956இல் ஜெஃப்ரி பூத்ரொய்ட் என்ற துப்பாக்கி நிபுணர், ஜேம்ஸ் பொண்ட் வைத்திருக்கும் பெரெட்டா பெண்களுக்கான கைத்துப்பாக்கி என்று குறைகூறி ஃபிளெமிங்குக்குக் கடிதம் எழுதினார். ஃபிளெமிங் ஏற்றுக்கொண்டு 1958இல் வந்த நாவலில் வால்தர் பிபிகேயைக் கொடுத்தார். ஆயுத அதிகாரி ஒருவருக்குப் பூத்ரொய்ட் என்றே பெயரும் வைத்தார். ஆனால் நிபுணர் சுழல் துப்பாக்கிக்கென்று சொன்ன தோலுறையை அதற்குப் பொருந்தாத வால்தருக்கு மாட்டிவிட்டார். அதற்கும் கடிதங்கள் போயின.

தங்கள் பத்திரிகை வாரத் தொடருக்கு எழுத்தாளரைத் தேடினால், உளவுத் தொடர் ஒன்றுக்கு இடம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 16 வாரம் போதும், வாரம் 1,200 சொல். ஆறாவது வாரத்துக்குள் காட்டிக்கொடுப்பவனை வாசகர் ஒருமுறையாவது கண்முன் பார்த்திருக்கவேண்டும். கடைசி வாரத்தில் புதிதாக ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துவது மோசடி. முன்கதைச் சுருக்கத்தை அலுவலகத்தில் முழுக் கதையும் தெரிந்த ஒருவரிடம் எழுதக் கொடுக்காதீர்கள். அவர் தன்னை அறியாமலே 'நல்லவன் போல் நடிக்கும் சேகர்' என்று எழுதிவிடுவார். அந்தந்த வாரம்வரை நாயகனுக்குத் தெரிந்ததை மட்டும் வைத்து ஆசிரியரே எழுதட்டும். ஓவியரிடமும் சொல்லிவையுங்கள்: சந்தேகத்துக்குரிய ஐந்து பேரில் ஒருவனுக்கு மட்டும் புருவத்தை நெரித்து வரையவேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.